துருகம் சாலை தீனதயாளனும் தலைகீழ்ப் பிறையும்

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தீனதயாளனிடம் ஒரு தந்திரம் உண்டு. கடைக்குள் நுழைகிறவரின் மூக்கிலிருந்து முதலில் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொள்வார். துடைத்துத் தருவதாகச் சொல்வார். அதன் பிறகுதான் லென்சின் வரலாற்றை ஆரம்பிப்பார். கண்ணாடி இல்லாத மனிதன் எங்கே ஓடிவிட முடியும்? வாசல் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாதே.

மூக்குப் பட்டை மாற்ற வந்த சின்னசேலத்து அரிசி மண்டிக்காரர் ஒருவர் இப்படித்தான் இத்தாலி வரைக்கும் போய்வந்து, ஊருக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டார்.

"முதல்ல எழுத்து மேல வச்சிப் படிக்கிற கண்ணாடிக் கல்லுதாங்க இருந்திச்சி. அப்புறம் இத்தாலில ரெண்டு வில்லையச் சேத்து மூக்கு மேல வச்சான். வச்சானே தவிர நிக்கல. கையால புடிச்சிக்கினு படிக்கணும். காதுல மாட்டலாம்னு ஒருத்தனுக்குத் தோண எவ்ளோ காலம் ஆச்சின்றீங்க? நானூறு வருசம்! மூக்கக் கண்டுபுடிச்சவனுக்குப் பக்கத்துல காது கீதுன்னு தெரியல பாருங்க."

இந்த இடத்தில் தீனதயாளன் சிரிப்பார். எதிரில் இருப்பவர் சிரிக்கிறாரா என்று பார்க்கமாட்டார். பார்த்தால் கதை நின்றுவிடும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என மாற்றி மாட்டிச் சலித்துப்போய் இரண்டு கண்ணாடிகளையும் பாதிப் பாதியாக வெட்டிச் சேர்த்ததாகச் சொல்லப்படும் அமெரிக்கர் அடுத்து வருவார். கோணலாகத் தெரிந்த தன் சொந்தக் கண்ணுக்குத் தானே கணக்குப் போட்டு உருளை லென்ஸ் செய்துகொண்ட இங்கிலாந்து வானியல்காரர் அவருக்குப் பின்னால் வருவார். கடைசியில், வெட்டிய கோடே தெரியாமல் மேலிருந்து கீழே பவர் மெல்ல மெல்ல ஏறும் ப்ரோக்ரசிவ் லென்சோடு பிரெஞ்சுக்காரர் வந்துசேர்வார். அவர் வந்த பிறகுதான் வாடிக்கையாளருக்குக் கண்ணாடி திரும்பக் கிடைக்கும்.

இந்தப் பித்து அவருக்குச் சின்ன வயதில், சொந்த ஊரான களமருதூரில் பிடித்தது. அப்பாவுக்கு அங்கே நெல்லும் கரும்பும். களை எடுக்கச் சொன்னால் மகன் பயிரைப் பிடுங்கினான். ஒரு தடவை என்றால் அடித்திருப்பார். மூன்று போகம் தொடர்ந்து பிடுங்கியதால் கண்ணில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, விழுப்புரத்தில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் வரிசையாக லென்சுகளை மாட்டிக் கழற்றிவிட்டு, "பையனுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, கவனம்தான் இல்ல" என்றார். பையன் அதைக் கவனிக்கவில்லை. மேசைமேல் இருந்த பெட்டியையும் அதில் அடுக்கியிருந்த வில்லைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீனதயாளன் கண் டாக்டராக ஆசைப்பட்டார், மதிப்பெண் ஒத்துக்கொள்ளவில்லை. சேலத்தில் கண் பரிசோதனைக்கான டிப்ளமோ படித்துக் கடை வைத்தார். "நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவன்கிட்ட ஊரே வந்து கண்ணக் காட்டுது" என்று அவரே சொல்லிக்கொள்வார். பிறர் சொல்வதற்குமுன் சொல்லிவிடுவது அவர் வழக்கம்.

அவருடைய தங்கை எழில்மதி. அவள் வீட்டுக்காரர் அரங்கநாதன், வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். ஊரில் பாதி மச்சு அவருக்குப் பழக்கம். நாற்பத்தெட்டு வயதில், எல்லோருக்கும் வருவதுபோல, அவருக்கும் கிட்டத்துப் பார்வை மங்கியது. ஸ்க்ரூவின் தலையில் இருக்கும் பிளவு தெரியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார். மின்சாரத்தோடு புழங்குகிறவர் தடவிக் கண்டுபிடிப்பது நல்லதல்ல என்று எழில்மதி அண்ணன் கடைக்கு அனுப்பிவைத்தாள்.

தங்கை புருஷனாயிற்றே. தீனதயாளன் கடையிலேயே உசத்தியான ப்ரோக்ரசிவ் லென்சை எடுத்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து அளந்தார். முழு வரலாற்றையும் சொன்னார். மாட்டிவிட்டு வழக்கமான உபதேசத்தையும் செய்தார்.

"மாப்ள, மூக்கு எங்க போவுதோ அங்கதான் கண்ணு போவணும். மேல் பாதில தூரம், அடில கிட்டம். ஒரு வாரம் பழகிட்டா அப்பால கண்ணாடி போட்டுக்கினு கீறதே மறந்து பூடும்."

ஒரு வாரம் முடிவதற்குள் எழில்மதி கடைக்குள் புயலாக நுழைந்தாள். பின்னால் அரங்கநாதன். கழுத்தில் பட்டை, வலது மணிக்கட்டில் கட்டு.

"அண்ணா, உன் கண்ணாடி லட்சணத்தப் பாத்தியா? மனுசன் ஃபேனக் கட்டிப் புடிச்சிக்கினு ஏணிலேர்ந்து கீழ வந்தாரு. கட்டில் மேல வுழுந்தாரு, பொழச்சாரு."

"பழகணும் எழிலு. மொதல்ல அப்டித்தான் இருக்கும்."

"எப்டிப் பழகறது? டெய்லி வுழுந்தா?"

தீனதயாளன் அரங்கநாதனைப் பார்த்தார். "இன்னா மாப்ள ஆச்சி?"

அரங்கநாதன் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பினார். "நேரா பாத்தா சொவுரு தெரியுது மச்சான். கீழ பாத்தா ஸ்க்ரூ டப்பா தெரியுது. ஆனா ஸ்க்ரூ மேல கீது. மேல பாத்தா எல்லாம் கஞ்சி மாரி கொழகொழன்னு கீது. தலைய முதுகு வரைக்கும் சாச்சாத்தான் கண்ணாடியோட அடிப் பக்கம் மேல வருது. சாச்சேன். ஏணி ஒத்துக்கல."

"வெள்ளிமலை மண்டபத்து வேலைய வேணாம்னு சொல்லிடப் போறேன்" என்றாள் எழில்மதி. "ஏணிய வித்துட்டு, தெரு முனைல செல் ரீசார்ஜ் கடை வச்சிக் குடுத்துடறேன். உக்காந்த எடத்துல பாக்குற வேல."

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒருவர் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். ஆவணியில் முதல் கல்யாணம். மண்டபம் முழுவதும் வயரிங், அலங்கார விளக்குகள், உத்தரத்து ஃபேன்கள் எல்லாம் அரங்கநாதன் பொறுப்பு. அவர் ஒப்புக்கொண்டதிலேயே பெரிய வேலை.

எழில்மதி தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் அரங்கநாதன் குரலைத் தாழ்த்தினார். "என்ன உக்கார வச்சிடாத மச்சான். ஏணி மேல இருக்கற வரைக்கும்தான் எவனும் என்ன வேல ஏவ மாட்டான். கீழ எறங்கிட்டன்னு வச்சிக்க, தயிர் வாங்கியா, தனியா வாங்கியான்னு என் பொழப்பு அதோட முடிஞ்சிச்சி."

உள்ளேயிருந்து எழில்மதியின் குரல் வந்தது. "அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறன். இந்தக் கண்ணாடிய நீ போட்டுப் பாத்துருக்கியா?"

தீனதயாளன் போட்டுப் பார்த்ததில்லை. ஊருக்கே விற்ற லென்சை அவர் ஒரு நாளும் மாட்டியதில்லை. தனக்கும் கிட்டத்துப் பார்வை மங்கியதை ஒரு பழைய படிக்கிற கண்ணாடியை மூக்கின் நுனியில் தொங்கவிட்டே சமாளித்து வந்தார்.

தங்கையின் கேள்வி உறுத்தியதால் தனக்கும் ஒரு ப்ரோக்ரசிவ் செய்துகொண்டார். கடையில் உட்கார்ந்து பார்த்தால் சொர்க்கம். வாசல், தெரு, மேசைமேல் பில், எல்லாம் வரிசையாகத் தெளிவு. சரி, அரங்கநாதன்தான் சரியாகப் பழகவில்லை என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அந்தத் தைரியத்தில் ட்யூப் லைட்டை மாற்ற ஸ்டூலில் ஏறினார்.

மேலே பார்த்தார். ட்யூப் லைட்டின் முனை பஞ்சாகிக் கலைந்தது. கீழே பார்த்தார். தரை திடீரெனப் பக்கத்தில் வந்து நெளிந்தது. காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் ஊரைப் படிக்கவைத்த மனிதர், முழங்கால் உயர ஸ்டூலில் ட்யூப் லைட்டைக் கையில் பிடித்தபடி சிலையாக நின்றார். ஃப்ரேம் பார்க்க வந்த ஒரு அம்மாள் பாவம் பார்த்து, "எறக்கி வுடட்டுங்களா?" என்று கேட்டார்.

இறங்கி உட்கார்ந்ததும்தான் அவருக்கு உறைத்தது. இத்தனை காலம் தாம் பரவசமாகச் சொல்லிவந்த வரலாற்றில் அத்தனை பேரும் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். கல்லை வைத்துப் படித்தவர் உட்கார்ந்திருந்தார். வெட்டி ஒட்டியவர் உட்கார்ந்திருந்தார். புத்தகம் மடியில், தட்டு மேசையில், தையல் கையில். கிட்டத்துப் பொருள் என்றால் கீழேதான் இருக்கும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். உச்சந்தலைக்கு மேலே ஸ்க்ரூ திருகுகிறவன் அந்தக் கதைக்குள் வரவே இல்லை. தாமும் அவனை நாற்காலியில் உட்காரவைத்துத்தானே அளந்தோம் என்று நினைத்தபோது தீனதயாளனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே காது சூடாயிற்று.

அடுத்த நொடி ஒரு யோசனை பளிச்சிட்டது. தூரமும் கிட்டமும் ஒன்றாக இருக்கும் பைஃபோகல் லென்சில் கிட்டத்துக்காக அடியில் ஒரு பிறை பதித்திருக்கும். அதை அப்படியே மேலே வைத்தால்?

எழுந்து நடந்தார். மேலே கிட்டம், நடுவிலும் கீழேயும் தூரம். அண்ணாந்தால் ஸ்க்ரூ தெரியும், குனிந்தால் ஏணிப்படி தெரியும். இதை உலகத்தில் யாரும் யோசிக்கவில்லை! இத்தாலி, அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்ஸ், அப்புறம் துருகம் சாலை. அன்று சாயங்காலமே கண்ணாடி துடைக்க வந்தவரிடம் வரலாற்றின் புதிய அத்தியாயத்தைச் சொல்லிப் பார்த்தார். பெயரை அடக்கமாக, 'நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர்' என்று மட்டும் சொன்னார்.

அவர் கடையில் லென்சை ஃப்ரேமுக்கு வெட்டிப் பொருத்தும் இயந்திரம் இல்லை. ஃப்ரேமையும் படத்தையும் சென்னையில் இருக்கும் லென்ஸ் கூடத்துக்கு கூரியரில் அனுப்புவார். பிறை மேலே இருப்பதுபோல் படம் வரைந்து அனுப்பினார். கண்ணாடி வந்தது. பிறை கீழே இருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'படம் தலைகீழாக இருந்தது, சரிசெய்துவிட்டோம்.'

மறுபடி அனுப்பினார். இந்தத் தடவை சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு, 'மேலே' என்று எழுதினார். அங்கே இருந்தவர்களும் பொறுப்பான ஆட்கள். கடைக்காரர் ஏதோ குழம்பியிருக்கிறார், அவர் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று மறுபடியும் கீழே வைத்தே அனுப்பினார்கள்.

ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. அரங்கநாதன் மணிக்கட்டு ஆறிவிட்டது. எழில்மதி தெரு முனையில் கடை பார்த்துவிட்டாள். தீனதயாளன் போனை எடுத்தார்.

லென்ஸ் கூடத்தில் பேசியவர் பெயர் பாரதி.

"மேடம், பிறை மேலதான் வரணும். வேணும்னுதான் போட்டது. மேல பாத்து வேல செய்யறவருக்கு. இது ஒரு புது டிசைன். நானே யோசிச்சது."

"தலைகீழ் பைஃபோகலா சார்? அத முன்னாடியே சொல்லக் கூடாதா? ரொம்ப வருசமா கீதே. பைலட்டுங்க தலைக்கு மேல ஸ்விட்ச் பாக்கறதுக்கு, லைப்ரரில மேல் தட்டு பாக்கறவங்களுக்கு, எலக்ட்ரீசியனுக்கு. மேலயும் கீழயும் ரெண்டு பிறை வச்சிக் கூடப் போடுவாங்க."

தீனதயாளன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"சார், லைன்ல கீறீங்களா? கடை புதுசா சார்?"

"ஆமாமா. இப்பதான் ஆரம்பிச்சேன்" என்றார் இருபத்திரண்டு வருடம் கடை நடத்தியவர்.

"பரவால்ல சார், போவப் போவப் பழகிடும். அளவு எப்டி எடுத்தீங்க? உக்கார வச்சா? அப்டி எடுத்தா வேலைக்காவாது. வேல செய்யற மாரி நிக்க வச்சி, மேல பாக்கச் சொல்லி, கண்ணு எங்க போவுதோ அங்க குறிங்க. பிறை ரொம்பக் கீழ வந்துட்டா ரோட்டுல நடக்க முடியாது, ஜாக்கிரதை."

போகப் போகப் பழகிவிடும். தாம் ஊருக்கெல்லாம் சொன்ன வாக்கியம் போன் வழியாகத் தமக்கே வந்ததை தீனதயாளன் மரியாதையோடு பெற்றுக்கொண்டார்.

அளவெடுக்கும் படலம் கடையில் நடந்தது. அரங்கநாதன் ஸ்டூல்மேல் நின்று கூரை ஃபேனுக்குக் கை உயர்த்தினார். அவர் முகத்துக்கு நேரே போக தீனதயாளன் வாடிக்கையாளர் நாற்காலியில் ஏறினார். அது சுழல் நாற்காலி. ஸ்கெட்ச் பேனாவை ஃப்ரேமுக்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து அது மெதுவாகத் தெருப்பக்கம் திரும்பும். அரங்கநாதனின் நெற்றியிலும் காதிலும் இரண்டு மூன்று புள்ளிகள் விழுந்தன.

எதிர் டீக்கடையிலிருந்து குரல் வந்தது. "இன்னா தீனா சார், கண்ணு டெஸ்டா, சர்க்கஸா?"

"ரெண்டும்தாங்க. நீங்களும் வாங்க, ஆளு கம்மியா கீது" என்றார் தீனதயாளன்.

இந்தத் தடவை பிறை மேலே வந்தது. அரங்கநாதன் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். ரோடு தெரிந்தது, பள்ளம் தெரிந்தது. செல்போனைப் பார்க்க மட்டும் அதை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. செய்தித்தாளையும் அப்படியே, வெயிலுக்குப் பிடிப்பதுபோல் பிடித்துப் படித்தார்.

எழில்மதி சுற்றிவந்து பார்த்தாள். "கண்ணாடிக் கடைக்காரன் தங்கச்சி புருசனுக்கே தலைகீழா மாட்டி அனுப்பிட்டான்னு ஊரு சிரிக்கப் போவுது."

"சிரிக்கட்டும் எழிலு. என்னப் பாத்துத்தானே சிரிப்பாங்க? பழக்கம்தான்."

"சிரிப்பு கெடக்கட்டும். வெள்ளிமலைக்கு நானும் வரேன். ஏணிய நாந்தான் புடிப்பேன். ஒரே ஒரு வாட்டி கால் தடுமாறிச்சோ, அப்டியே எறக்கிக் கூட்டியாந்துடுவேன். அதுக்கு மேல ரெண்டு பேரும் என்கிட்ட பேச்சு வச்சிக்கக் கூடாது."

மூவரும் பஸ்ஸில் போனார்கள். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலை வளைவுகள் ஆரம்பித்தன. தீனதயாளன் தம் ப்ரோக்ரசிவைக் கழற்றவில்லை. விற்பவன் கழற்றினால் வாங்கியவன் என்ன நினைப்பான் என்று ஒரு வீம்பு. அந்த லென்சின் ஓரங்களில் உலகம் கொஞ்சம் நெளியும். நேர்ச் சாலையில் அது தெரியாது. கொண்டையூசி வளைவில் மலையும் மரமும் மரவள்ளிக் காடும் ஒன்றன்மேல் ஒன்று வழிந்தன. எழில்மதி அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள்.

வெள்ளிமலையில் அரங்கநாதன் செல்போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து எண்ணைத் தேடியது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. சிக்னலுக்காக அங்கே பாதிப் பேர் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

மண்டபத்துக் கூரை உயரமாக இருந்தது. அரங்கநாதன் ஏணியைச் சாய்த்தார். எழில்மதி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் ஏறினார். மேலே போய் அண்ணாந்தார். தலையைக் கொஞ்சம்தான் உயர்த்தினார். ஸ்க்ரூ டிரைவர் போய் நேராகப் பிளவில் உட்கார்ந்தது.

"தெரியுதா?" என்று கீழிருந்து கேட்டாள்.

"ஸ்க்ரூவும் தெரியுது, உத்தரத்துல பல்லி மொறைக்கறதும் தெரியுது."

"கால் எங்க கீதுன்னு பாத்துச் சொல்லு."

அவர் குனிந்து பார்த்தார். "மேலேர்ந்து நாலாவது படி. அதுக்குக் கீழ நீ. மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற."

எழில்மதியின் முகம் இன்னும் இறங்கவில்லை. ஏணியை விடவும் இல்லை.

அந்த இடத்தில் தீனதயாளன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பிறையின் விளிம்பு கருவிழிக்கு எவ்வளவு மேலே நிற்கிறதென்று வேலை நடக்கும் உயரத்திலேயே பார்த்துவிடவேண்டும் என்று அவருக்குள் இருந்த டிப்ளமோ துடித்தது. மண்டபக்காரரின் இன்னொரு ஏணியைப் பக்கத்தில் சாய்த்து, ஸ்கெட்ச் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினார். ஏறும்போது கஷ்டமில்லை, மேலேயே பார்த்துக்கொண்டு ஏறினார். அரங்கநாதன் முகத்துக்கு நேரே போனார். அளந்தார். விளிம்பு கச்சிதமாக நின்றது.

"மாப்ள, பிரமாதம்" என்று சொல்லிவிட்டுக் கீழே பார்த்தார்.

ப்ரோக்ரசிவின் அடிப்பாகம் படிக்கத்தான். மண்டபத்துத் தரை பெரிதாகிக் கொழகொழத்து அவரை நோக்கி ஏறி வந்தது. படிகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டார். பேனா விழுந்தது. அது தரையில் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்து வந்ததாக அவருக்குத் தோன்றியது.

"அண்ணா, எறங்கு."

"எறங்கறேன். கொஞ்சம் பழகிக்கறேன்."

"கண்ணாடியக் கழட்டிட்டு எறங்கேன்."

"கழட்டணும்னா கையை வுடணுமே எழிலு."

அரங்கநாதன் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப்பையில் செருகினார். தம் ஏணியிலிருந்து படிப்படியாக, குனிந்து ஒவ்வொரு படியையும் பார்த்தபடி இறங்கி வந்தார். மச்சானின் ஏணியில் பின்னாலேயே ஏறி, அவர் இடுப்பை ஒரு கையால் அணைத்துக்கொண்டார்.

"மச்சான், கண்ண மூடிக்க. உனக்கும் சேத்து நான் பாக்கறேன். எடது கால எறக்கு. இன்னும் கொஞ்சம். தோ, அதான் படி. இப்ப வலது. அவசரப்படாத, படி எங்கயும் ஓடிடாது."

கண்களை இறுக மூடிக்கொண்டு தீனதயாளன் இறங்கினார். மண்டபக்காரரும், பந்தல் வேலைக்கு வந்தவர்களும், வாசலில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தவர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள். தரையில் கால் பட்ட பிறகும் அவர் இன்னொரு படிக்காகக் காலைத் துழாவினார்.

எழில்மதி அண்ணனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு சாய்ந்திருந்த ஏணியைப் பிடித்து நிமிர்த்தி, அடுத்த ஃபேன் மாட்டும் உத்தரத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துவைத்தாள்.

"அவரு ஏறட்டும்ணா" என்றாள். "நீ ஏறாத."